மீனாச்சியா, மீனாட்சியா, மீனாக்ஷியா?

(சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், அங்கத்தவர் பெயர்ப்பட்டியல் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



பெயர்ப்பட்டியல் எந்த அளவில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கும்படிதான் எங்களைக் கேட்டார்கள். பட்டியல் முடிந்துவிட்டது. ஆனால் அதைச் செய்யப் போய் நாங்கள் மாட்டிக்கொண்ட ஒரு சங்கடத்தையும் சொல்ல அனுமதி தாருங்கள்.

பழைய இடாப்புகளில் விஜயலக்ஷ்மி என்று ஒருவர், விஜயலட்சுமி என்று ஒருவர், விசயலெட்சுமி என்று ஒருவர் இருந்தார்கள். மூவருக்கும் அழைப்பிதழ் அனுப்பினோம். மூன்றும் கம்பளையில் ஒரே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த அக்கா தொலைபேசியில் கேட்டது: "மூன்று பேருடைய சாப்பாட்டையும் நானேதான் சாப்பிட வேண்டுமா?" அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். எழுந்து நிற்கும்படி கேட்கமாட்டோம்.

இந்தக் கதை வெளியே பரவியதும், பெயரெழுத்துகளில் நாங்கள் ஏதோ நிபுணர்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அதை நம்பி எங்கள் வகுப்புத் தோழி ஒருவர் வந்தார். கட்டுகஸ்தோட்டையில் அவருடைய மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. நட்சத்திரம் மகம். பஞ்சாங்கப்படி ம, மி, மு, மெ. 'மீ' என்று தொடங்கும் பெயர் வீட்டிலேயே இருந்தது, பூட்டியின் பெயர். அதுவரை ஒரு பிணக்கும் இல்லை. எழுதப்போன இடத்தில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது.

மருமகளுக்கு மீனாக்ஷி. தாத்தா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அவருக்கு மீனாட்சியைத் தவிர வேறெதுவும் தமிழ் இல்லை. எங்கள் தோழி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தரம் தேநீர் ஊற்றிய பிறகுதான் வாய் திறந்தார். "எங்கம்மா மீனாச்சிதான். செக்ரோல்லயும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அது பிழைன்னு எல்லாரும் சொல்றாங்க."

அந்த அம்மா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பெயர் பதிந்த நாள் முதல் கடைசிக் கடதாசி வரைக்கும் பெருவிரலைத்தான் வைத்தார். தன் பெயரை ஒருநாளும் தன் கையால் எழுதாத மனுசி. எழுதியவர்கள் கணக்கப்பிள்ளை, கிளார்க்கர், பதிவாளர். ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். அப்படியிருக்க, எது பிழை, எது சரி?

எங்கள் குழுவிலேயே இதற்கு ஒற்றுமை கிடையாது. மூலம் வடசொல் என்பதால் மீனாக்ஷிதான் பழையது என்றார் ஒருவர். நன்னூல் படித்த இன்னொருவர், வடவெழுத்தை அப்படியே வைப்பது தமிழ் மரபில்லை, ஓசைக்கு ஏற்ப மாற்றுவதே மரபு என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். லக்ஷ்மி இலக்குமியானதும், பக்ஷி பட்சியானதும் அந்த வழியில்தான். மதுரையில் அம்மன் மீனாட்சி. எங்கள் மலையகத்தில் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் முன் பாடிய அம்மையாரும் மீனாட்சிதான்.

ஆனால் மீனாச்சியும் கைதவறி வந்ததல்ல. லட்சத்தை லச்சம் என்கிறோம், லட்சுமியை லச்சுமி என்று கூப்பிடுகிறோம், விசாலாட்சி விசாலாச்சியாகிறாள். புலவர் செய்தால் மரபு, கொழுந்துக்காரி செய்தால் பிழையா என்று கேட்டபோது நன்னூல் படித்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவும் சரிதான், ஆனால் எழுதும்போது..." என்று இழுத்தார்.

நாம் நிற்கும் இந்த ஊரையே எடுங்கள். சிங்களத்தில் 'கந்த உட ரட்ட' என்ற மலைநாட்டுப் பெயரைப் போர்த்துக்கேயர் 'கண்டியா' என்று சுருக்கினார்கள், அது கண்டியாயிற்று. சிங்களத்தில் இந்நகரம் மஹநுவர. கண்டி என்று எழுதியதற்காக யாரும் நம்மைத் திருத்துவதில்லை. இங்கே கடைசியாக ஆண்ட அரசருக்கு வீட்டுப் பெயர் கண்ணுசாமி. 1798 இல் அரியணை ஏறியபோது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனார். அவரையும் ஒரு புத்தகம் இராசசிங்கன் என்கிறது, இன்னொன்று இராஜசிங்ஹன் என்கிறது. அரசருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

நட்டம் மற்றவர்களுக்குத்தான். எங்கள் தோழியின் அம்மா வேலையை விட்டு நின்றபோது சேமலாபக் காசுக்கு விண்ணப்பித்தார். செக்ரோலில் மீனாச்சி. அடையாள அட்டையில் சிங்களத்தில் வேறொரு விதம், அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது இன்னொரு விதம். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. கிராம சேவகரின் கடிதம், தோட்டத்துக் கடிதம், பஸ்காசு, ஒவ்வொரு முறையும் ஒருநாள் போய்விடும். காசு கைக்கு வரும்போது அவர் படுத்த படுக்கை.

இதைக் கேட்டு நாங்கள் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. ஏனென்றால் அடுத்ததாகச் சொல்லவேண்டியது எங்களைப் பற்றியே.

எங்களில் நால்வர் ஆசிரியைகளாக இருந்து ஓய்வுபெற்றவர்கள். தோட்டப் பாடசாலைகளிலும் நகரத்திலும் படிப்பித்தோம். புது வகுப்பு வந்தால் முதல் வேலை இடாப்புத் திருத்துவது. லெட்சுமி என்று ஒரு பிள்ளை வந்தால் சிவப்பு மையால் லட்சுமி ஆக்குவோம். மாரியாயியை மாரியம்மா ஆக்கியதும் உண்டு. தமிழைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தோம். பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் நாங்கள் திருத்திய பெயரிலேயே சாதாரண தரப் பரீட்சை எழுதினார்கள். சான்றிதழில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு பெயர். தொழிலுக்குப் போகும்போது அவர்களும் சத்தியக் கடதாசி முடித்தார்கள். ஒரு பிள்ளை பின்னாளில் எங்களில் ஒருவரை கண்டி பஸ் நிலையத்தில் கண்டு, "டீச்சர், நீங்க ஒரு எழுத்து மாத்தினீங்க, எனக்கு ரெண்டு வருசம் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறது. அந்தச் சிரிப்பு எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

அதுவும் எங்கள் மலையக மக்களிடம் அந்த விளையாட்டை விளையாடியிருக்கக் கூடாது. 1948 இல் பிரஜாவுரிமை போனது. 1949 சட்டத்தின் கீழும் 1964 ஒப்பந்தத்தின் கீழும் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதினார்கள். 2003 வரையில் அந்த வழக்கு இழுபட்டது. ஒரு கடதாசியில் உள்ள ஆளும் மறு கடதாசியில் உள்ள ஆளும் ஒருவர்தான் என்று காட்டுவதே அவர்களுக்கு வாழ்க்கையாக இருந்த காலம் அது. ஓர் எழுத்து அங்கே சின்ன விசயமல்ல.

ஆகவே தோழிக்கு நாங்கள் சொன்னது சுருக்கம். எண்சாத்திரக்காரரிடம் போகவேண்டாம். (மருமகளின் தமக்கை ஏற்கெனவே போய்வந்திருந்தார். ஆங்கிலத்தில் ஓர் 'ஏ'யும் ஓர் 'எச்'சும் கூட்டினால் பிள்ளைக்கு வெளிநாட்டு யோகம் என்றாராம். அந்த 'எச்' எங்கே உட்காரும் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.) மூன்றில் எதை வைத்தாலும் அது நல்ல பெயர்தான். ஆனால் வைத்ததை எல்லாக் கடதாசியிலும் வைக்கவேண்டும். பதிவுக்கு 42 நாள் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பிந்தித் திருத்த வழி உண்டு, ஆனால் அதற்குத் தனியாக அலையவேண்டும். பதிவு சிங்களத்தில் நடந்தால், கையொப்பம் வைக்கமுன் பதிவாளரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சிங்களத்தில் 'க்ஷ' உண்டு, ஆகவே மீனாக்ஷிக்கு அங்கே தடையில்லை. 'ழ' இல்லை, ர, ற வேறுபாடும் இல்லை, யாழினி என்று பெயர் வைப்பவர்களுக்குத்தான் அது தலையிடி. தகப்பன் பெயரை அவருடைய பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள்.

தோழி போனார். ஒரு கிழமைக்குப் பிறகு மருமகளே தொலைபேசியில் பேசினார். பெருவிரல் கதையை மாமியார் அதுவரை அவருக்குச் சொன்னதே இல்லையாம். "அவங்க ஒரு தரமும் எழுதாத பேர, பிள்ளையாவது அவங்க கூப்பிட்டபடியே எழுதட்டும்னு நெனச்சேன்" என்றார். நாற்பதாம் நாள் பதிந்தார்கள். மீனாச்சி. பதிவாளர் நல்ல மனிதர், இரண்டு தரம் வாசித்துக் காட்டியிருக்கிறார். தாத்தா இன்னும் சம்மதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்மார் திருத்திவிடுவார்கள் என்று காத்திருக்கிறாராம். இங்கே இருக்கும் இளம் ஆசிரியைகள் தயவுசெய்து அதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலுக்கு வருவோம். உங்கள் பெயர்களை நாங்கள் ஒருமைப்படுத்தவில்லை. பாத்துமா பாத்துமாவாகவும் ஃபாத்திமா ஃபாத்திமாவாகவும் இருக்கிறார்கள். யோகேஸ்வரி, ஜோகேஸ்வரி இருவரும் தனித்தனியே வருகிறார்கள், அவர்கள் உண்மையாகவே இரண்டு பேர், விசாரித்துவிட்டோம். நீங்கள் எப்படிக் கையொப்பம் வைக்கிறீர்களோ அப்படியே அச்சுக்குப் போகும். தேநீர் நேரத்தில் வாசலோர மேசையில் பிரதியும் பென்சிலும் இருக்கும். வந்து பாருங்கள். பென்சிலை நாங்கள் தொடமாட்டோம், நீங்களே எழுதுங்கள்.