வார்டு மெம்பருக்கு ஒரு சட்டம், எம்.எல்.ஏ.வுக்கு ஒரு சட்டமா?

(நமது சங்கத்தின் வட்டப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



உர விலை பத்தியும் கொள்முதல் விலை பத்தியும் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே பேசிட்டாங்க. நான் வேற ஒரு விஷயத்தை எடுத்துக்கறேன். சொத்துவரி. "நாம கட்டறது வருஷத்துக்கு ஏதோ சில நூறு ரூபாய் வீட்டுவரி, அதுக்கு ஒரு பேச்சா?"ன்னு நினைக்காதீங்க. நான் கேக்கறது நம்ம வரியைப் பத்தி இல்லை. நமக்கு வரி போடறவங்க, அவங்க சொத்துக்கு உண்டான வரியைச் சரியா கட்டறாங்களா? கட்டலைன்னா அவங்களுக்கு என்ன தண்டனை? இதுதான் கேள்வி.

முதல்ல நம்ம கதையைப் பார்ப்போம். கிஸ்தி பாக்கி வெச்சா என்ன நடக்கும்? 1864-ஆம் வருஷம் வெள்ளைக்காரன் காலத்துல வந்த வருவாய் மீட்புச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. ஜப்தி செய்ய அதுல வழி இருக்கு. அரை ஏக்கர் நிலம் கிரயம் வாங்கறோம். வழிகாட்டி மதிப்பைவிடக் குறைச்சு எழுதியிருக்குன்னு சார்பதிவாளர் நினைச்சா, முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்பிடறாரு. வித்தியாசத் தொகையைக் கட்டு, வட்டியோட கட்டுன்னு நோட்டீஸ் வருது. அது முடியற வரைக்கும் பத்திரம் நம்ம கைக்கு வர்றதில்லை.

இன்னொண்ணும் சொல்றேன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துல பயிர்க்கடன் வாங்கி, தவணை தவறினவர் அந்தச் சங்கத்தோட நிர்வாகக் குழுவுக்கு நிக்க முடியாது. மழை பொய்ச்சுதா, வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சான்னு சட்டம் கேக்காது. தவணை தவறினா தகுதி இல்லை, அவ்வளவுதான்.

ஊராட்சியிலும் அதே கதைதான். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தெளிவா சொல்லுது. ஊராட்சிக்குப் பணம் பாக்கி இருந்து, கேட்பு நோட்டீஸ் கொடுத்து, கெடுவும் முடிஞ்சுபோச்சுன்னா, அவர் ஊராட்சித் தேர்தல்ல போட்டியிட முடியாது. அதனாலதான் ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலுக்கும் வேட்புமனு போடறதுக்கு முன்னாடி, ரசீது வாங்க ஊராட்சி அலுவலகத்துல வரிசை கட்டி நிக்கறாங்க. நம்ம பக்கத்து ஊர்ல ஒரு தாயார், வார்டு மெம்பருக்கு நிக்க ஆசைப்பட்டாங்க. குடிநீர்க் கட்டணம் சில நூறு ரூபாய் பாக்கி. அன்னிக்குக் காலையில பால் சொசைட்டியில முன்பணம் வாங்கிட்டு ஓடிப்போய்க் கட்டி, ரசீதை மனுவோட வெச்சுத்தான் கொடுத்தாங்க. நான் அதைத் தப்புன்னு சொல்லலைங்க. ஊர்ப் பணத்தை நிர்வாகம் பண்ண வர்றவங்க ஊருக்குப் பாக்கி வைக்கக் கூடாது. நியாயமான சட்டம். நான் அதை ஆதரிக்கிறேன்.

ஆனா அந்தச் சட்டம் ஏன் வார்டு மெம்பரோட நின்னுபோச்சு? அதுதான் என் கேள்வி.

எம்.எல்.ஏ., எம்.பி. பதவிக்கு யாருக்குத் தகுதி இல்லைன்னு சொல்றது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதுல 8-லிருந்து 10-ஏ வரைக்கும் உள்ள பிரிவுகளைப் படிச்சுப் பாருங்க. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர், தேர்தல் முறைகேடு செஞ்சவர், ஊழலுக்காக அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், அரசோட கான்ட்ராக்ட் வெச்சிருக்கறவர் எல்லாம் அந்தப் பட்டியல்ல வர்றாங்க. தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுக்காதவருக்குக்கூட 3 ஆண்டு தகுதி நீக்கம் உண்டு. ஆனா சொத்துவரி பாக்கி வெச்சவர்? அந்தப் பட்டியல்ல அவர் பேரே இல்லை. லட்சக்கணக்குல பாக்கி இருந்தாலும் அவர் ஜம்முனு போய் மனு போடலாம், ஜெயிக்கலாம், அமைச்சராகி நம்ம ஊட்டுக்கு எவ்வளவு வரின்னு உத்தரவும் போடலாம்.

"பிரமாணப் பத்திரம்னு ஒண்ணு இருக்கே"ன்னு படிச்ச தம்பிகள் கேப்பீங்க. இருக்கு. 2002-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புகளால வந்த நல்ல ஏற்பாடு அது. படிவம் 26-ல சொத்து, கடன், வழக்கு எல்லாம் எழுதணும். அரசுக்கு உள்ள பாக்கி, சொத்துவரி பாக்கி உட்பட, அதுல எழுத ஒரு இடம் இருக்கு. ஆனா கவனிங்க. அரசு வீட்டுல குடியிருந்தவரா இருந்தா வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லைன்னு சான்று வாங்கி இணைக்கணும். சொந்த பங்களாவுக்குச் சொத்துவரி பாக்கி இல்லைங்கறதுக்கு மட்டும் அவர் வாய்ச்சொல்லே போதும்! பாக்கி இருக்குன்னு எழுதிக் கொடுத்தாலும் மனு செல்லும்.

சரி, பொய்யா எழுதினா? அதே சட்டத்துல 125-ஏ பிரிவு இருக்கு. 6 மாதம் வரை சிறை, இல்லாட்டி அபராதம், இல்லாட்டி ரெண்டும். ஆனா பொதுவா 2 ஆண்டு, அதுக்கு மேல தண்டனை கிடைச்சாத்தான் பதவி போகும். 125-ஏ-ல அதிகபட்சமே 6 மாதம். அப்ப பொய் சொல்லி மாட்டி, தண்டனையே வாங்கினாலும் அந்தத் தண்டனையால பதவி போகாது. தேர்தல் செல்லாதுன்னு உயர் நீதிமன்றத்துல வழக்குப் போடலாம், உண்மைதான். 45 நாளைக்குள்ள போடணும். நம்மள மாதிரி ஒரு விவசாயி வக்கீல் ஃபீஸ் கொடுத்து அதை நடத்த முடியுமா? இந்த ஓட்டையை அடைக்கணும், தண்டனையைக் குறைஞ்சது 2 ஆண்டாக்கி, தகுதி நீக்கமும் செய்யணும்னு சட்ட ஆணையமே 2014-ல தன்னோட 244-ஆவது அறிக்கையில சொல்லிச்சு.

வரியைக் குறைச்சுக் கட்டறது எப்படி நடக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூணு மாடி மண்டபத்துக்கு ஒரு மாடிக்கு மட்டும் வரி. வணிகக் கட்டிடத்தைக் குடியிருப்புன்னு பதியறது. கட்டி முடிச்சு வாடகைக்கு விட்டும், இன்னும் கட்டுமான வேலை நடக்குதுன்னு கணக்குக் காட்டறது. வரி கேட்டா கோர்ட்டுல தடை வாங்கி வருஷக்கணக்கா இழுக்கறது. அளக்க வர்ற ஊழியர் என்ன பண்ணுவாரு? எதிர்ல நிக்கறது ஆளுங்கட்சிப் பிரமுகர்னா டேப்பை நீட்டவே அவர் கை நடுங்கும். அந்த ஊழியரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

இதனால நமக்கு என்ன நட்டம்? தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், சாக்கடை, தூய்மைப் பணியாளர்னு ஊராட்சிக்கு ஓயாத செலவு. அதுக்குச் சொந்த வருமானம்னா வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும்தான் முக்கியம். பெரிய கட்டிடக்காரர் குறைச்சுக் கட்டினா ரெண்டுல ஒண்ணு நடக்கும். மோட்டார் ரிப்பேராகி மாசக்கணக்கா கிடக்கும். இல்லாட்டி நம்ம ஓட்டு வீட்டுக்கு வரியை ஏத்துவாங்க. 2022-ல நகரங்கள்ல சொத்துவரி ஏறினது உங்களுக்குத் தெரியும். 600 சதுர அடிக்குள்ள இருக்கிற சின்ன வீட்டுக்கே 25 சதவீதம் ஏறிச்சு. தாமதமாக் கட்டினா மாசம் 1 சதவீதம் தண்டவட்டி. சின்ன வீட்டுக்காரனுக்குத் தண்டவட்டி உண்டு. சட்டம் செய்யறவருக்குத் தகுதி நீக்கம் கிடையாது. இது எந்த ஊர் நியாயம்?

வெளிநாட்டுல நடந்த ஒரு சங்கதி சொல்றேன், கேளுங்க. இங்கிலாந்துல ஏஞ்சலா ரெய்னர்னு ஒரு அம்மா துணைப் பிரதமரா இருந்தாங்க. வீட்டுவசதித் துறையும் அவங்க கையிலதான். 2025 மே மாதம் ஹோவ்ங்கற கடற்கரை ஊர்ல 8 லட்சம் பவுண்டு அளவுக்கு ஒரு வீடு வாங்கினாங்க. அதுக்கு நம்ம ஊர் முத்திரைத் தீர்வை மாதிரி ஒரு வரி. 30,000 பவுண்டு கட்டினாங்க. கட்டியிருக்க வேண்டியது 70,000. குறைச்சல் 40,000 பவுண்டு, நம்ம பணத்துல அன்னிக்கு ஏறத்தாழ 47 லட்சம் ரூபாய்.

அவங்க பக்கத்துலயும் காரணம் இருந்துச்சு. பழைய வீட்டுல இருந்த தன் பங்கை, மாற்றுத்திறனாளி மகனுக்காக அமைச்ச அறக்கட்டளைக்குக் கொடுத்துட்டாங்க. அதனால புது வீடு தன்னோட ஒரே வீடுன்னு கணக்குப் போட்டாங்க. சட்டப்படி அது ரெண்டாவது வீடு, கூடுதல் வரி உண்டு. அமைச்சர்கள் நடத்தையை விசாரிக்கிற ஆலோசகர் விசாரிச்சாரு. அவங்க நேர்மையாத்தான் நடந்திருக்காங்க, ஆனா நிபுணர்கிட்ட வரி ஆலோசனை கேளுங்கன்னு சொன்ன எச்சரிக்கையை மதிக்கலை, அதனால அமைச்சர் நடத்தை விதியை மீறிட்டாங்கன்னு சொன்னாரு. 2025 செப்டம்பர் 5-ஆம் தேதி அந்த அம்மா துணைப் பிரதமர் பதவி, அமைச்சர் பதவி, கட்சித் துணைத் தலைவர் பதவி எல்லாத்தையும் ராஜினாமா செஞ்சாங்க. எம்.பி.யா மட்டும் தொடர்ந்தாங்க.

தெரியாம வந்த குறைச்சலுக்கே அங்க பெரிய பதவி போச்சு. அந்த நாடு சொர்க்கம்னு நான் சொல்ல வரலைங்க. அதிகாரத்துல இருக்கறவர் "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுங்கற ஒரு வழக்கம் அங்க இருக்கு, அதைத்தான் சொல்றேன். 47-ஏ நோட்டீஸ் வந்த விவசாயி "தெரியாது"ன்னு சொன்னா இங்க விடறாங்களா?

இப்ப மறுப்புச் சொல்றவங்களுக்கும் பதில் சொல்லணும். "இப்படிச் சட்டம் வந்தா ஆளுங்கட்சி அதிகாரியை ஏவி, எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்கு அநியாயமா வரி போட்டு, அவரை நிக்க விடாமப் பண்ணிடுவாங்க"ம்பாங்க. பயம் நியாயமானதுதான். அதுக்கு வழி ஊராட்சிச் சட்டத்துலயே இருக்கு. முறைப்படி நோட்டீஸ் கொடுக்கணும். கெடு கொடுக்கணும். கெடு முடிஞ்சாத்தான் பாக்கிதாரர். தொகையில தகராறு இருந்தா ஆட்சேபணையோட கட்டிட்டு மேல்முறையீடு போகட்டும். ஜெயிச்சா பணம் திரும்ப வரும், பதவிக்கும் பங்கம் இல்லை.

"மக்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும்"னு இன்னொரு கட்சி. மக்கள் தீர்மானிக்கணும்னா மக்களுக்கு விவரம் தெரியணுமில்ல? மேலும், வார்டு மெம்பரை மக்கள் தீர்மானிக்கட்டும்னு ஏன் விடலை?

"சின்னத் தப்புக்குப் பெரிய தண்டனையா?"ன்னும் கேப்பாங்க. தப்புக்குத் தக்கபடி தண்டனை வையுங்கன்னுதான் நாமும் சொல்றோம். கணக்குப் பிசகினவர் எல்லாரையும் போல வட்டியோட கட்டிட்டுப் போகட்டும். நோட்டீசுக்கும் மசியாதவர் தேர்தல்ல நிக்கக் கூடாது. தெரிஞ்சே மறைச்சுப் பொய் எழுதினவர் பதவியில இருக்கக் கூடாது. யாரையும் தூக்குல போடச் சொல்லலை.

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

1. சொத்துவரி, வீட்டுவரி பாக்கிக்காக உள்ளாட்சி வேட்பாளருக்கு உள்ள தகுதி நீக்கத்தை எம்.எல்.ஏ., எம்.பி. வேட்பாளருக்கும் கொண்டுவர வேண்டும். அரசியல் சாசனப்படி இதைச் செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. அதைச் செய்யக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

2. வேட்புமனுவோடு, வேட்பாளர் மற்றும் வாழ்க்கைத் துணையின் கட்டிடங்களுக்கு நிலுவையில்லாச் சான்று இணைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

3. பிரமாணப் பத்திரத்தில் தெரிந்தே பொய் சொன்னதாகத் தண்டனை பெற்றால் பதவி பறிபோக வேண்டும்.

4. பதவியில் இருப்பவர்களின் கட்டிடங்களை வேறு ஊர் அலுவலரைக் கொண்டு மறு அளவீடு செய்ய வேண்டும்.

இதைக் கேக்கற தகுதி நமக்கு வேணும். அதனால முதல்ல நம்ம சங்க உறுப்பினர் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டுவரி, குடிநீர்க் கட்டணத்தைக் கட்டி ரசீதைப் பத்திரமா வெச்சுக்குங்க. நாளைக்கு எதிர்ல நிக்கறவர் "நீ கட்டினியா?"ன்னு கேட்டா ரசீதை எடுத்து நீட்டணும்.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறு நாளையும் குறிச்சுக்குங்க. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பாதீங்க. "வீட்டுவரி கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, பெரிய கட்டிடங்களோட நிலுவை எவ்வளவு?"ன்னு எழுந்து கேளுங்க. பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. பதில் வரலைன்னா 10 ரூபாய்ல தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்க, 30 நாளைக்குள்ள பதில் சொல்லியாகணும். தேர்தல் வர்றப்ப வேட்பாளரோட பிரமாணப் பத்திரத்தை இளைஞர்கள் எடுத்து ஊர்ப் பொதுவிடத்துல ஒட்டுங்க. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வர்றவர்கிட்ட நாம கேக்க வேண்டியது ஒரே கேள்வி: "வாங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க. உங்க வீட்டுவரி ரசீது எங்கீங்க?"

அந்தக் கேள்வியைக் கேக்க எந்தக் கட்சியோட அனுமதியும் நமக்குத் தேவையில்லை.

வரி போடுபவன் வரி கட்டட்டும்!
ஊருக்கு ஒரே சட்டம் வரட்டும்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!