வரைபடத்தில் ஒரு குதிரைப் பாதை

தீபாவளிச் சாமான் வாங்க ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூர்த் தேக்காவுக்கு வந்து போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அங்கே சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாலை ஓடுகிறது. மீன்தலைக் கறிக் கடைகள் இருக்கிற சாலை என்றால் சட்டென்று தெரியும். அதன் பெயர் ரேஸ் கோர்ஸ் ரோடு, அதாவது குதிரைப் பந்தயத் திடல் சாலை. ஆனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாலும் ஒரு குதிரையைக் காண முடியாது.

ஒரு காலத்தில் இருந்தது. 1842-ல் சிங்கப்பூரில் பந்தயச் சங்கம் தொடங்கினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில், இன்று ஃபேரர் பார்க் என்று சொல்லுகிற இடத்தில் முதல் பந்தயம் நடந்தது. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போயான் தீவிலிருந்து வந்தவர்கள் நிறைய இருந்தார்கள். பக்கத்திலேயே கம்போங் கப்பூரில் குடியிருந்தார்கள். சிங்கப்பூரின் முதல் ஆகாய விமானம் பறந்ததும் இந்தத் திடலிலிருந்துதான், 1911-ல். 1933-ல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் போயிற்று. 1999-ல் கிராஞ்சிக்குப் போயிற்று. 2024 அக்டோபர் 5-ம் தேதி கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்தது. நூற்றெண்பது வருஷத்துக்கு மேல் நடந்த ஒன்றுக்குத் தேக்காவில் மிஞ்சியது ஒரு பெயர்ப் பலகை.

குதிரை போன வழி இப்படித்தான் மறையும். எழுதி வைத்தால்தான் நிற்கும். எழுதுவது யார்? வரைபடம் என்றால் சர்க்கார் சர்வே இலாகாவின் வேலை என்றுதான் வெகுகாலம் இருந்தது. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் வேறொரு வழியைத் தொடங்கினார். அதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று பெயர். உலகத்தில் எவரும் தம் ஊரைத் தாமே வரையலாம். எவரும் அதைக் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

இதிலே குதிரைப் பாதைக்கென்று தனி இனம் உண்டு. பிரைடில்வே என்பார்கள். இங்கிலாந்தில் அது சட்டம் அறிந்த வழி. நடப்பவரும் குதிரையில் வருபவரும் அதில் போகலாம்; 1968-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு சைக்கிளும் போகலாம். அந்த வழி வரைபடத்தில் இல்லையென்றால் குதிரைக்காரர் லாரி ஓடும் ரோட்டுக்கு வர வேண்டியதுதான். லாரியின் ஹாரன் சத்தத்துக்குக் குதிரை மிரண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்படிச் சேர்ப்பது? கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் நடந்தால், துணைக்கோள்களின் உதவியால் அது நாம் போன தடத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து, அந்தப் புள்ளிகளின் மேல் கோடு வரைந்து, குறிப்பு எழுத வேண்டும். மண்ணா, சரளையா? அகலம் எவ்வளவு? நடுவில் படிக்கட்டு இருக்கிறதா, கேட் இருக்கிறதா? குதிரைக்கு அனுமதி உண்டா என்பது தனிக் குறிப்பு. பாதை அகலமாயிருக்கிறது என்பதற்காக அனுமதி உண்டு என்று எழுதிவிடக் கூடாது. தனியார் நிலமென்றால் தனியார் நிலம் என்றே போட வேண்டும். இன்னொருவர் அச்சிட்ட படத்தைப் பார்த்துக் காப்பி அடிப்பதும் கூடாது.

தரையில் இன்று இருப்பதைத்தான் வரையலாம் என்பது பெரிய விதி. ஆகவே ஃபேரர் பார்க்கின் பழைய பந்தய வட்டத்தை இதிலே போட முடியாது. பழையவற்றுக்கென்று ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று வேறொன்று இருக்கிறது. அங்கே வருஷத்தோடு போடலாம். எனக்கென்னவோ, இந்தப் பிரிவினை நல்லதாகவே படுகிறது. இல்லாத பாதையை நம்பிப் போகிறவன் கதி என்ன?

சரி, நமக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இலங்கை மலைநாட்டில், வெள்ளைக்காரர் காலத்தில் குதிரையும் வண்டியும் போன தேயிலைத் தோட்டத்துப் பாதைகளை ஒன்று சேர்த்து, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள நடைவழி அமைத்திருக்கிறார்கள். 22 பகுதிகள். பீக்கோ டிரெயில் என்று பெயர். ஊர் ஊராக வந்து நடக்கிறார்கள். துரை குதிரையில் போன பாதையை வெட்டிக் கல் சுமந்து போட்டது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பாதையை வரைகிற அதே கைப்பேசி, லயத்திலிருந்து ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போகும் குறுக்குவழியையும் வரையும். பல படங்களில் தோட்டம் என்பது வெறும் பச்சைத் திட்டு. உள்ளே லயமும் இல்லை, பாலமும் இல்லை. ராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் ஆம்புலன்ஸ் டிரைவர் எந்தப் பக்கம் திரும்புவார்?

பெயர் எழுதும் இடத்தில் தமிழுக்கென்று தனி இடம் இருக்கிறது. தோட்டத்துக்கு ஆபீஸில் ஒரு பெயர் இருக்கும், நம் வாயில் ஒரு பெயர் இருக்கும். அந்த இரண்டாவது பெயரைத் தமிழ் எழுத்திலேயே அங்கே போடலாம். பிள்ளைகள் கைப்பேசியைப் பிடிக்கட்டும். எந்த வளைவுக்கு என்ன பெயர் என்று சொல்ல, பழைய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் போவது நல்லது.