பைக்குள் இரண்டு கற்கள்



அன்றாட வாழ்வில் நாணயமாக நடப்பதைப் பற்றி வேதாகமம் சொல்லும் ஒரு சிறு செய்தியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வேதாகமம் கிறிஸ்தவர்களின் மறைநூல். ஆனால் தராசு எல்லாருக்கும் பொது. நம் வள்ளுவரும் நடுவுநிலைமையைச் சொல்ல வந்த இடத்தில் தராசுக் கோலைத்தான் எடுத்துக் காட்டினார்.

பழைய இஸ்ரவேல் நாட்டில் கற்களை எடையாக வைத்து நிறுப்பார்கள். ஒரு சேக்கல் என்பது ஏறக்குறைய 11 கிராம். அந்தக் காலத்திலும் தந்திரக்கார வியாபாரிகள் இருந்தார்கள். பைக்குள் இரண்டு கற்களை வைத்துக்கொள்வார்கள். தானியம் வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சிறிய கல்! உபாகமம் 25ஆம் அதிகாரம் இதைத் தடுக்கிறது. அப்படி நிறுப்பது மட்டுமா குற்றம்? இரண்டு விதமான கல்லைப் பையில் வைத்திருப்பதே கூடாது என்கிறது.

அன்பர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் மனசுக்குள்ளும் அந்த இரண்டு கற்கள் கிடக்கின்றன. கிராணி நிறுவையில் குறைத்தால், "அநியாயம், வயித்துல அடிக்கிறான்" என்கிறோம். நாமே பாலில் தண்ணீர் கலந்தால், "என்னப்பா செய்றது, கஷ்டம்" என்கிறோம். கடைக்காரர் மிச்சம் குறைத்துக் கொடுத்தால் உடனே திரும்பிப் போய்க் கேட்கிறோம். கூட ஒரு வெள்ளி வந்துவிட்டால், "நம்ம அதிர்ஷ்டம்" என்று பையில் போட்டுக்கொள்கிறோம். அடுத்தவனுக்கு ஒரு கல், நமக்கு ஒரு கல்!

"அவன் மட்டும் யோக்கியமா? நான் செஞ்சா என்ன தப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபந்தான். வேதாகமமும் ஏழைக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போகவில்லை. கூலிக்காரனுடைய கூலியை அன்றே, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஆகவே சரியான நிறுவை கேட்பதும், சங்கத்தின் வழியாக முறையிடுவதும் நம் உரிமை. ஆனால் தண்ணீர் கலந்த வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்டால், சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்? கை சுத்தமாக இருந்தால்தான் குரல் உயரும்.

தப்பு நடந்துவிட்டால் என்ன செய்வது? லூக்கா 19ஆம் அதிகாரத்தில் சகேயு என்பவனைப் பார்க்கிறோம். எரிகோவில் வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், பணக்காரன். இயேசு அவன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். அவன் வெறும் வாய்வார்த்தையாக மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிடவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் எல்லார் முன்னிலையிலும் சொன்னான். மனம் திருந்தினான் என்பதற்கு அதுவே அடையாளம்.

மாணவச் செல்வங்களே! பார்த்து எழுதி வாங்கிய 80 மதிப்பெண்ணைவிட, படித்து வாங்கிய 50 கனமானது. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். கண்டெடுத்த பேனாவை ஆசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். சின்னக் காரியத்தில் உண்மையாக இருப்பவன்தான் பெரிய காரியத்திலும் உண்மையாக இருப்பான் என்பது இயேசுவின் போதனை.

பெற்றோர்களே! பிள்ளைகள் நம் பேச்சைவிட நம் கையைத்தான் கவனிக்கிறார்கள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது, "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு" என்று பிள்ளையை அனுப்பினால், அன்றைக்கே அதன் பையில் இரண்டாவது கல்லைப் போட்டுவிடுகிறோம். "அடுத்த சம்பளத்தில் தருகிறேன்" என்று நாமே வெளியே வந்து சொல்வோமே! வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் பிள்ளை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

நமக்கும் பிறருக்கும் ஒரே கல் போதும். இன்றைக்கே மற்றதை எடுத்து எறிந்துவிடுவோம்.