திரும்பி வாராத மடல்கள்



ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்குக் கடிதத்தின் இயல்பு நன்கு தெரியும். பட்ட துன்பத்தையெல்லாம் மறைத்து, 'நலம், நலமறிய அவா' என்று வீட்டுக்கு எழுதி வாழ்ந்த கூட்டம் நாம். மறைப்பதற்கு உதவும் அதே கடிதம், மறைத்ததைத் திறப்பதற்கும் உதவும் என்பதைக் காட்டும் ஆங்கிலப் புதினங்கள் மூன்றினைப் பற்றி இன்று சில கூற விழைகின்றோம். மூன்றும் இளையோர்க்கென எழுதப்பெற்றவை. கடித வடிவில் அமைந்தவை.

முதலாவது, அமெரிக்கரான ஸ்டீபன் சபாஸ்கி 1999-இல் வெளியிட்ட 'தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃபிளவர்'. சார்லி என்னும் பதினைந்து வயதுச் சிறுவன், பெயர் அறியாத நண்பர் ஒருவருக்கு எழுதிக்கொண்டே இருக்கிறான். தனக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கச் சென்ற சிற்றன்னை விபத்தில் இறந்தது தன்னால்தான் என்று அவன் நெஞ்சு உறுத்துகிறது.

இரண்டாவது, இங்கிலாந்தைச் சேர்ந்த அனபெல் பிட்சர் 2012-இல் எழுதிய 'கெச்சப் கிளவுட்ஸ்'. இளைஞன் ஒருவனின் சாவுக்குத் தானே காரணம் என்று எண்ணும் பெண், பொய்ப்பெயர் பூண்டு, இரவில் தோட்டத்துக் கொட்டகையில் அமர்ந்து, டெக்சாஸ் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கும் கைதிக்கு எழுதுகிறாள்.

மூன்றாவது, ஆவா டெலைரா 2014-இல் வெளியிட்ட 'லவ் லெட்டர்ஸ் டு தி டெட்'. இறந்துபோன ஒருவருக்குக் கடிதம் எழுதுமாறு ஆசிரியை வீட்டுப்பாடம் தருகிறார். அக்காளை இழந்த லாரல், இறந்துபோன பாடகர்களுக்கும் பிறருக்கும் எழுதி எழுதி ஏடு நிறைக்கிறாள். ஆசிரியையிடமோ அதைக் காட்ட மறுக்கிறாள்.

முகமறியாதவர், சிறைப்பட்டவர், மறைந்தவர். இம்மூவருள் எவரும் எதிரே அமர்ந்து கடிந்துகொள்ள இயலாதவர் என்பதை நாம் உற்று நோக்குதல் வேண்டும். தாய் இருக்கிறாள்; தந்தை இருக்கிறார். ஆயினும் பிள்ளை அவர்களைக் கடந்து சென்று அயலாரிடம் நெஞ்சைத் திறக்கிறது. உண்மை சொன்னால் அவர்கள் மனம் உடையுமோ, அன்பு குறையுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

சொல்லாத குற்றவுணர்வு ஆராயப்படுவதே இல்லை. 'என்னால் நேர்ந்தது' என்பதும் 'நான் செய்தேன்' என்பதும் ஒன்றல்ல. பரிசு வாங்கப் போனவர் இறந்தது பிள்ளையின் பிழையாகுமா? இதைப் பெரியவர் ஒருவர் எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளை அவரிடம் கேட்டால்தானே! எழுதும்போது நிகழ்ச்சிகள் முன்பின்னாக வரிசைப்படுகின்றன. நெஞ்சின் சுமை சிறிது தெளிகிறது. எனினும் எழுத்து மட்டும் போதாது. லாரல் இறுதியில் அந்த ஏட்டை ஆசிரியையிடம் கொடுத்துவிடுகிறாள். மறுமொழி கூற உயிருள்ள ஒருவர் வேண்டும் என்பதையே அச்செயல் உணர்த்துகிறது.

தமிழுக்கும் கடித இலக்கியம் புதிதன்று. மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' புதினமாகவே உள்ளது. டாக்டர் மு. வரதராசனாரின் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' ஆகிய நூல்களை நம்முள் பலர் போற்றிப் படித்திருக்கிறோம். அவற்றில் மூத்தோர் பேச, இளையோர் கேட்கின்றனர். இப்புதினங்களிலோ இளையோர் பேசுகின்றனர். கேட்பதற்கு நாம் அணியமாக உள்ளோமா?

வேற்றூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பாட்டி திண்ணை இல்லை. அத்தை வீடும் அருகில் இல்லை. ஆகவே அந்தச் செவியாக நாமே அமைதல் வேண்டும். பிள்ளை வாய் திறக்கும்போது தீர்ப்பை ஒத்திவைத்து, முழுவதும் கேட்போமாக. முகவரியில்லாதவர்க்கு எழுதும் மடல் நம் இல்லத்து முகவரிக்கே வந்து சேரட்டும்.