அடுக்களை வழியே ஸ்பானிய மொழி

பிற நாட்டு மொழி ஒன்றைக் கற்க விரும்புவோர் முதலில் எழுத்தையும், பின்னர் எண்ணையும், அதன் பின்னர் இலக்கணத்தையும் பயில்வது வழக்கம். ஸ்பானிய மொழியைப் பொறுத்தவரை தமிழர்களுக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு என்பது என் கருத்து. அஃது அடுக்களை வழி. உண்ணும் பொருள்களையும், உடம்புக்கு ஒத்ததையும் ஒவ்வாததையும் பற்றிப் பேசுகின்ற சொற்களை முதலில் கற்றுக்கொண்டால், மற்றவை தாமே பின்தொடர்ந்து வரும். அதற்குரிய காரணங்களை இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஸ்பானியம் இருபது நாடுகளில் ஆட்சிமொழி. ஏறக்குறைய 50 கோடி மக்களுக்குத் தாய்மொழி. சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களிலிருந்து பிள்ளைகள் கடல் கடந்து வேலைக்குச் செல்லும் இக்காலத்தில், அந்த மொழி நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. அம்பத்தூரில் மாலை வேளைகளில் சிலருக்கு இம்மொழியின் தொடக்கப் பாடங்களை நான் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்களுள் ஒருவர், தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். அவருடைய மகள் மெக்ஸிக்கோ நாட்டவர் ஒருவரை மணந்து அங்கேயே வாழ்கிறாள். பெரியவருக்கோ பல ஆண்டுகளாக நீரிழிவு. அவர் முதல் நாளே என்னிடம் சொன்னார்: “சார், இலக்கணமெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். சம்பந்தியம்மாள் இனிப்பை நீட்டும்போது அவர் மனம் நோகாமல் மறுப்பது எப்படி? அதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.”

மிகவும் நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லுமுன், அடுக்களையில் நமக்கும் ஸ்பானியருக்கும் உள்ள உறவைச் சற்றுப் பார்ப்போம்.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு காய்கறிக் கடையின் முன் சிறிது நேரம் நின்று பாருங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, பப்பாளி, சப்போட்டா, வேர்க்கடலை ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டவை. 1492-ல் கொலம்பஸ் அக்கண்டத்தின் தீவுகளை அடைந்த பின்னரே, ஸ்பானியர், போர்ச்சுகீசியர் ஆகியோரின் கப்பல்கள் வழியாக இவை கீழ்த்திசைக்கு வந்தன. வரும்போது பெயர்களையும் சில பொருள்கள் கொண்டுவந்துவிட்டன. நம் கொய்யா அங்கே ‘குவாயாபா’. பப்பாளி ‘பப்பாயா’. சப்போட்டாவோ ‘சப்போத்தே’ என்னும் ஸ்பானியச் சொல்லின் மறுவடிவம். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு பகுதிகளில் வேர்க்கடலையை மணிலாக்கொட்டை என்பார்கள். அது தேய்ந்து மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்றும் வழங்கும். அந்த மணிலா, பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஸ்பானியர் 1571-ல் தம் தலைநகராக்கிக்கொண்ட பட்டினமே. இங்கிருந்து அங்கே சென்ற சொல்லும் உண்டு. நம் மாங்காய் போர்ச்சுகீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, ஸ்பானியத்தில் ‘மாங்கோ’ ஆயிற்று.

பெயர் சூட்டும் முறையிலும் ஓர் ஒற்றுமை உண்டு. புதிதாக வந்த காரமான காய்க்கு, பழைய மிளகின் பெயரை ஒட்டி நம் முன்னோர் மிளகாய் என்று பெயரிட்டனர். மிளகைத் தேடிக் கப்பலேறிய ஸ்பானியரும் அதையேதான் செய்தனர். மிளகு அவர்களுக்கு ‘பிமியெந்தா’, மிளகாய் ‘பிமியெந்தோ’. தக்காளியின் கதையும் இத்தகையதே. மெல்லிய உறைக்குள் இருக்கும் சிறு காயைச் சொடக்குத் தக்காளி என்கிறோம். அந்த நெற்றை நெற்றியில் அடித்து வெடிக்கச் செய்து விளையாடாத கிராமத்துப் பிள்ளை இல்லை. அதன் பெயரைத்தான் பின்னால் வந்த பெரிய சிவப்புப் பழத்துக்கும் கொடுத்துவிட்டோம். மெக்ஸிக்கோவிலும் ‘தொமாத்தே’ என்பது முதலில் அத்தகைய உறைக்குள் இருக்கும் காய்க்கே உரியது. சிவப்புப் பழத்தை அந்நாட்டின் நடுப்பகுதியில் இன்றும் ‘ஹித்தொமாத்தே’ என்று வேறுபடுத்தியே சொல்கிறார்கள்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்பவர் முதலில் தடுமாறும் இடம் ‘மெ குஸ்தா’ என்பது. ஆங்கிலத்தில் விரும்புகிறவர் எழுவாய், உணவு செயப்படுபொருள். ஸ்பானியத்தில் உணவே எழுவாய். ‘மெ குஸ்தா எல் அர்ரோஸ்’ என்றால் ‘எனக்குச் சோறு பிடிக்கும்’. இதில் தமிழருக்கு வியப்பதற்கு என்ன இருக்கிறது? ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் தொடங்கிப் பேசுவது நம் அன்றாட வழக்கம் அல்லவா? ‘எனக்கு வயிறு வலிக்கிறது’ என்பதும் அங்கே அதே அமைப்புடையது: ‘மெ துவெலெ எல் எஸ்தோமாகோ’. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். உணவு பலவாயின் அவர்களுடைய வினையும் பன்மை கொள்ளும். பழங்கள் பிடிக்கும் என்பதற்கு ‘மெ குஸ்தான் லாஸ் ஃப்ருத்தாஸ்’ என்று சொல்ல வேண்டும். ஆகவே ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல், தமிழிலிருந்து நேரே ஸ்பானியத்துக்குச் செல்லுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

காரத்தையும் சூட்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிப்பார்கள். தமிழில் இரண்டும் வேறு, ஸ்பானியத்திலும் வேறு. காரமானது ‘பிக்காந்தே’, சூடானது ‘காலியெந்தே’. இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். பப்பாளி சூடு, மோர் குளிர்ச்சி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் உணவைப் பிரித்துச் சொல்வதுண்டு. கையால் தொட்டு அறியும் சூடு அன்று அது. உடம்புக்குள் அப்பொருள் செய்யும் வேலை. மெக்ஸிக்கோவிலும் நடு அமெரிக்க நாடுகளிலும் கிராமத்து மக்கள் இவ்வாறே உணவுகளைச் சூடு என்றும் குளிர்ச்சி என்றும் வகுக்கிறார்கள். அந்த வகுப்புமுறை ஸ்பெயினின் பழைய மருத்துவ நூல்களிலிருந்து சென்றதா, அந்நாட்டுப் பழங்குடியினருக்கே உரியதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், நம் ஊர்ப் பாட்டி ஒருவரும் அந்த ஊர்ப் பாட்டி ஒருவரும் சந்தித்தால், பேசுவதற்குப் பொருள் இல்லாமல் போகாது.

இப்பொழுது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். உணவை மறுப்பதில் மூன்று வகை உண்டு. பிடிக்காது என்பது ஒன்று. சேராது என்பது மற்றொன்று. கூடாது என்பது மூன்றாவது. சம்பந்தியம்மாள் தம் கையால் செய்த பண்டத்தை ‘நோ மெ குஸ்தா’, அதாவது பிடிக்காது என்று சொல்லி ஒதுக்கினால், அது எந்த நாட்டிலும் மரியாதை ஆகாது. ‘மெ காயே மால்’ என்றால், எனக்குச் சேராது என்று பொருள். ‘நோ தெபோ’ என்றால், நான் உண்ணக் கூடாது. குறை பண்டத்தில் இல்லை, தம் உடம்பில்தான் என்று தெரிவிக்கும் இவ்விரண்டையும் பெரியவர் முதலில் மனப்பாடம் செய்தார். சிறிதளவு ஏற்றுக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ‘உன் போக்கித்தோ’, கொஞ்சமே கொஞ்சம், என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து அவருக்கு நான் கற்பித்த வாக்கியம் அவரைத் திடுக்கிட வைத்தது. நீரிழிவு உடையவர் நம் ஊரில் என்ன சொல்கிறார்? ‘எனக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்கிறார். மெக்ஸிக்கோவின் எளிய மக்களும் ‘தெங்கோ அசூக்கர்’ என்றே சொல்கிறார்கள். பொருள் அதுவே: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இதைவிட வியப்பு, அந்த இரண்டு சொற்களும் ஒரே மூலத்தில் பிறந்தவை. சம்ஸ்கிருதத்தின் ‘சர்க்கரா’ பாரசீகம் சென்று ‘ஷக்கர்’ ஆகி, அரபியில் ‘சுக்கர்’ ஆகி, அரபியர் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் அங்கே ‘அசூக்கர்’ ஆயிற்று. பண்டத்தின் பெயர் உலகைச் சுற்றியது. இரு நாடுகளிலும் அதுவே நோயின் பெயராகவும் ஆகிவிட்டது.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தி அன்று. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டு என மதிப்பிட்டது. மெக்ஸிக்கோவிலும் இந்நோய் பெருகியது. 2014-ல் அந்நாட்டு அரசு சர்க்கரை கலந்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. 2016-ல் சிலி நாடும், 2020-ல் மெக்ஸிக்கோவும் உணவுப் பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கின. மெக்ஸிக்கோவின் முத்திரையில் ‘எக்ஸெஸோ அசூக்காரெஸ்’ என்றிருந்தால், சர்க்கரை மிகுதி என்று அறிக. ‘எக்ஸெஸோ சோதியோ’ என்றால் உப்பு மிகுதி. இந்த இரண்டு வரிகளையும் படிக்கத் தெரிந்தவர் அந்நாட்டுக் கடையில் பாதி ஆபத்தைக் கடந்துவிடுவார். ஆயினும் ஓர் எச்சரிக்கை: ‘சின் அசூக்கர்’, சர்க்கரை இல்லை, என்று எழுதியிருப்பவற்றிலும் மாவுச்சத்து இருக்கலாம். அந்நாட்டாரின் மக்காச்சோள ரொட்டியான ‘தோர்த்தியா’வும் நம் சோறும் இரத்தத்தில் சர்க்கரையாகவே மாறுகின்றன.

மருந்து உட்கொள்வோர் வேளைகளின் பெயர்களிலும் கவனமாக இருத்தல் வேண்டும். ‘அல்முவெர்சோ’ என்பது கொலம்பியாவில் நண்பகல் உணவு; மெக்ஸிக்கோவின் பல பகுதிகளில் முற்பகல் சிற்றுண்டி. அங்கே பகலுணவு ‘கொமீதா’ எனப்படும். அதையும் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கே உண்பார்கள். ஆதலால் மாத்திரையை வேளையின் பெயரால் கேட்காமல், மணியால் கேட்டுக்கொள்வதே நலம். வெறும் வயிற்றில் என்பதற்கு ‘என் அயூனாஸ்’ என்பார்கள். ‘அயூனோ’ என்றால் உண்ணாநோன்பு. இரவு முழுதும் காத்த அந்த நோன்பை முடிக்கும் காலையுணவே ‘தெசயூனோ’. காரணம் தெரிந்தால் சொல் மறக்காது.

இம்மொழியை முறையாகப் பயில்வோருக்கு, தில்லியில் 2009-ல் திறக்கப்பட்ட செர்வாந்தேஸ் நிலையம் போன்ற அமைப்புகள் உண்டு. வீட்டிலிருந்தே தொடங்க விரும்புவோருக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றே. உண்ண அமரும்போது இலையில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்பானியப் பெயரைச் சொல்லுங்கள். பிறகு அது உங்களுக்குப் பிடிக்குமா, சேருமா, கூடுமா என்று மூன்று வாக்கியம் அமையுங்கள். மூன்று மாதத்தில் மொழியும் வரும். எதை எவ்வளவு உண்கிறோம் என்ற கணக்கும் உடன் வரும்.

மெக்ஸிக்கோவில் உணவு விடுதியைக் கடந்து செல்பவர், முன்பின் அறியாதவர் உண்டுகொண்டிருந்தாலும் ‘புவென் ப்ரோவேச்சோ’ என்று சொல்லிப் போவார். உண்பது உடம்புக்கு நன்மையாகட்டும் என்பது அதன் கருத்து. நேயர்கள் இரவு உணவுக்கு அமரும் நேரம் இது. நானும் அதையே சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.