வண்டி இல்லாதவனுக்கும் பங்கு உண்டு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"நம்மிடம் கார் இல்லை. கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைய என் பேச்சு முழுவதும் அதற்கான பதில்தான்.

லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்துகளில் ஒண்டிக் குடித்தனம் இருந்த நம் குடும்பங்களில் சில, இன்று சொந்தமாக ஃபிளாட் வாங்குகின்றன. அது என்ன பணம்? பிராவிடண்ட் ஃபண்டு, கிராஜுவிட்டி, தாய்மார்களின் கழுத்து நகை! அந்தப் பணத்தைக் கொடுத்து எதை வாங்குகிறோம்? நான்கு சுவர்களை மட்டுமா? கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். கட்டிடம் நிற்கும் நிலத்தில் "பிரிபடாத பாகம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் உங்கள் சொத்தின் வேர். சுவர் இடிந்தாலும் அந்தப் பங்கு இடியாது.

கல்கத்தாவில் நடப்பது என்ன? பழைய வீட்டுக்காரர் மனையைத் தருகிறார். புரொமோட்டர் கட்டுகிறார். மாடிகளை இருவரும் பிரித்துக்கொண்டு விற்கிறார்கள். மாநகராட்சிக்குக் காட்டிய வரைபடத்தில் கீழ்த்தளம் வண்டி நிறுத்துமிடம். கட்டி முடித்த பிறகோ பல இடங்களில் ஒரு மூலையில் கடை, இன்னொரு மூலையில் கிடங்கு. மிச்சமிருக்கும் இடத்துக்கும் தனித்தனி விலை! நமக்கு எழுதிக் கொடுத்த பங்கையே மறுபடி விற்கிறார்கள். ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்கும் வித்தை இது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் மேற்கு வங்க அடுக்குமாடி உரிமைச் சட்டம், வண்டி நிறுத்தும் இடங்களைப் பொதுப் பகுதிகளின் பட்டியலில் வைக்கிறது. மும்பை தஹிசரில் பாஞ்சாலி என்ற கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் மீது ஒரு புரொமோட்டர் வழக்குப் போட்டார். தூண்களுக்கு இடையே உள்ள வண்டி நிறுத்துமிடம் தனக்கே சொந்தம் என்றார். உரிமையியல் நீதிமன்றத்தில் தோற்றார். உயர் நீதிமன்றத்திலும் தோற்றார். 31-8-2010 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அந்த இடம் பொதுப் பகுதி, அதைத் தனியே விற்கப் புரொமோட்டருக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின்படி வந்த தீர்ப்பு. ஆனால் 2016ஆம் ஆண்டின் மத்திய ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளி வண்டி நிறுத்துமிடத்தைப் பொதுவென்றே வைக்கிறது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருந்தால்தான் அதன் கணக்கில் கராஜ். இதற்குப் பதிலாக 2017இல் நம் மாநிலம் தனக்கென்று செய்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் 4-5-2021 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே இங்கும் மத்தியச் சட்டமே செல்லும்.

தோழர்களே, இது பணக் கணக்கு மட்டுமல்ல, உயிர்க் கணக்கு. 9-12-2011 விடியற்காலை. டாக்குரியாவில் அன்றைய ஆம்ரி மருத்துவமனை. அது குடியிருப்பு அல்ல. ஆனால் அங்கும் வண்டி நிறுத்துவதற்கென்று அனுமதி பெற்ற அடித்தளம், தீப்பிடிக்கும் பொருள்கள் அடுக்கிய கிடங்காகியிருந்தது. தீ அங்கே பிடித்தது. புகை மாடிகளுக்கு ஏறியது. தொண்ணூறு பேரளவில் மாண்டார்கள். அவர்களில் இருவர், நம்மைப்போலவே பிழைக்க வந்த கேரளத்துச் செவிலியர். நோயாளிகளைத் தூக்கி வந்து காப்பாற்றிவிட்டு, மற்றவர்களுக்காக மீண்டும் உள்ளே போனவர்கள் திரும்பவில்லை. மாடியில் தூங்குகிறவனுக்குக் கார் உண்டா இல்லையா என்று புகை கேட்டதா?

ஆகவே மூன்று காரியங்கள். ஒன்று: முன்பணம் கொடுக்குமுன் மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். கீழ்த்தளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சிறு மனைக் கட்டிடங்கள் சில 2016 சட்டத்தின் பதிவுக்குள் வராமல் போகலாம். வரைபடத்திலிருந்து எந்தக் கட்டிடமும் தப்ப முடியாது. இரண்டு: வரைபடத்துக்கு மாறாகச் சுவர் எழும்பினால் அன்றே பரோ அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். சுவர் காய்ந்தபின் இடிப்பது கடினம். மூன்று: குடியிருப்போர் சங்கம் அமையுங்கள். வண்டி இடத்தை முறை வைத்துக் கொடுக்கட்டும். வரும் பணம் பம்புக்கும் லிஃப்டுக்கும் போகட்டும்.

ஓர் எச்சரிக்கை. இதை மதராசி, வங்காளி சண்டையாக்கச் சிலர் முயல்வார்கள். ஏமாந்தவர்களில் பக்கத்து ஃபிளாட் வங்காளிக் குடும்பமும் உண்டு. கீழ்த்தளத்தின் ஓரத்தில் படுக்கும் பீகார் தர்வானை விரட்டுவதும் நம் வெற்றியல்ல. கடைக்கும் கிடங்குக்கும் இடம் கிடைக்கும்போது, காவல் காப்பவனுக்கு ஓர் அறை கிடைக்காதா?

கார் வாங்குவதும் வாங்காததும் அவரவர் வசதி. காலடி நிலம் அப்படியல்ல, அது எல்லோருக்கும் பொது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.