தீவனமும் மருந்தும்



கோழி வளர்ப்பால் பல்லாயிரம் குடும்பங்கள் ஜீவிக்கின்ற இந்த நாமக்கல்லில், மாமிசத்தின் சுகாதாரத்தை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்குக்குத் தலைமை வகிக்கிறேன்.

1940களின் இறுதியில், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில், தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் பி12 வைட்டமினைத் தேடி, ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தை வடித்தெடுத்தபின் எஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்தபோது, அவை எதிர்பார்த்ததைவிட விரைந்து பருத்தன. அதன்பின், பிணி தீர்க்கப் பிறந்த மருந்து, பிணியே இல்லாத பிராணிகளின் எடையைக் கூட்டும் பண்டமாயிற்று. நாள்தோறும் சிறுகச் சிறுக உட்செல்லும் மருந்து, குடலிலுள்ள பலவீனமான கிருமிகளை மாய்த்து, தாங்கவல்லவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது என்பதும், அவை தம் எதிர்ப்புச் சக்தியை அயல் கிருமிகளுக்கும் அளிக்கவல்லவை என்பதும் பிறகே விளங்கின. இங்கிலாந்தின் ஸ்வான் குழு 1969-லேயே எச்சரித்தது. ஸ்வீடன் 1986-லும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-லும் எடைக்காக மருந்தூட்டுவதை விலக்கின. வைத்தியர்கள் கடைசிப் புகலாகக் காத்துவரும் கோலிஸ்டினை எதிர்க்கும் மரபணு, சீனத்தில் பன்றிகளிடத்தும் இறைச்சியிலும் நோயாளிகளிடத்தும் காணப்பட்டதாக 2015-ல் வெளியான செய்தி உலகை உலுக்கிற்று; நம் தேசம் 2019-ல் அம்மருந்தை உணவுக்கான பிராணிகளுக்குத் தடுத்தது.

நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும் என்பது மெய்யே. ஆனால் பச்சை இறைச்சி நறுக்கிய அரிவாள்மனையிலேயே வெங்காயமும் வெள்ளரியும் அரியப்படுகின்றன. மருந்தின் எச்சங்களிற் பல கொதிநீரிலும் முழுதாய் அழிவதில்லை. கிருமியும் எச்சமும் கலந்த கோழி எருவோ வயலுக்குப் போகிறது. ஆகவே, பரிகாரத்தை அடுப்பங்கரையில் தேடுவதைவிடப் பண்ணையில் தேடுவதே அவசியம்.

இங்கே ஒரு கணக்கைச் சற்று நிதானமாக நோக்க வேண்டுகிறேன். மருந்து கொடுத்த நாளுக்கும், அறுக்கும் அல்லது முட்டையும் பாலும் எடுக்கும் நாளுக்கும் இடையே விடவேண்டிய காலத்தை மருந்துப் புட்டியின் மேல் அச்சிட வேண்டுமென்றும், தனியே காலம் வரையறுக்கப்படாத மருந்தாயின் முட்டைக்கும் பாலுக்கும் 7 நாளும் மாமிசத்துக்கு 28 நாளும் குறையாமல் விடவேண்டுமென்றும் 2012-ல் நம் மருந்து விதிகள் திருத்தப்பட்டன. கறிக்கோழியோ ஏறத்தாழ 40 நாளில் லாரி ஏறிவிடுகிறது. அப்படியாயின் 12-ஆம் நாளுக்குப்பின் அவ்வித மருந்தொன்றைத் தீவனத்திலோ தண்ணீரிலோ கலந்தவர், ஒன்று கோழியைக் காத்திருந்து விற்க வேண்டும், அல்லது விதியை மீற வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு.

இதற்காக வளர்ப்பவரைப் பழிப்பது நியாயமன்று. பல்லடம் வட்டாரத்தில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தருவது. கொட்டகையும் உழைப்பும் மட்டுமே அவருடையவை. அவர் பெறுவது வளர்ப்புக் கூலி. மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறவருக்கு உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொல்லப்படாவிட்டால், அவர் எந்த நாளை எண்ணிக் காத்திருப்பார்? நோயுற்ற பிராணிக்குச் சிகிச்சை மறுப்பது கொடுமை. அதை நான் ஒருபோதும் கோரேன். வைத்தியரின் சீட்டின்றி மருந்து தீவனத்தில் சேரலாகாது, சேர்ந்தால் அதன் பெயரும் அளவும் காத்திருக்கும் நாளும் மூட்டையின்மேல் தமிழில் இருத்தல் வேண்டும் என்பதே என் கோரிக்கை. முதல் அமர்வு இதனையே விவாதப் பொருளாக ஏற்று, தீர்மான வடிவில் அரசுக்கு அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.